சட்டன்காரரின் குழலில் ஏன் ஈயம் பிடித்தது

குழலுக்குள் ஈயம் பிடித்திருக்கிறது என்று ஒருவர் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? எனக்குத் தெரியும், ஈயத்தைத்தான். ஈயம் மென்மை, அதனால் உரசி ஒட்டிக்கொண்டது, இன்னும் கொஞ்சம் கடினமாக வார்த்திருந்தால் ஒட்டியிராது என்பீர்கள். போன மாதம் நான் நீங்கள் துவக்குத் திருத்துகிற பட்டறைக்கு உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருவர் அப்படியேதான் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தேன். பென்ஷன் எடுத்தவள் போய் வாய் காட்டக் கூடாது என்று ஒரு மரியாதை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த அரிப்புத் தாங்காமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் மேசைக்கு இப்போது வருவது வேட்டைத் துவக்கும், கறுப்பு வெடிமருந்து போட்டுச் சுடுகிற பழங்காலத் துவக்கும். கைத்துவக்கு வராது. எங்கள் காலத்தில் அதுதான் எங்கள் சோறு. லண்டனைச் சுற்றிக் கிளப்புகள் இருந்தன. தபால்காரரும் பல்வைத்தியரும் ஆசிரியரும் லைசென்ஸ் எடுத்து, பிஸ்டலையும் ரிவோல்வரையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுபோய், காகித வட்டத்தைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கடையில் வாங்கும் தோட்டா விலை கூட என்பதால், பலர் வெறுங்கோதுகளைப் பொறுக்கி வைத்துத் தாங்களே திரும்ப நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் கோதின் வாயில் பொருத்த வேண்டிய ஈயக் குண்டுகளை, எங்கள் சொல்லில் சன்னங்களை, வார்த்துக் கொடுத்தவள் நான்.

நான் அந்தக் கடைக்குள் போனதே ஒரு விசர்க் கதை. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஊரில் இருந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் அண்ணர் வீட்டில் இருந்தேன். வேலை தேடிக் கொடுக்கிற அலுவலகத்தில், குரோய்டன் பக்கத்துக் கடையொன்றுக்குச் சிறு உலோகச் சாமான்களில் மேசை வேலை என்று போட்டிருந்தார்கள். மணிக்கூட்டுக் கடையாக்கும் என்று நினைத்துச் சேலையை ஒழுங்காக உடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு! ஊரில் துவக்கோடு ஆள் வருவதைக் கண்டால் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிப் பழகிய கால் எனக்கு. அன்றும் அது திரும்பத்தான் பார்த்தது. முதலாளி, ஓர் ஆங்கிலேயர், ஒன்றும் பேசாமல் ஒரு தட்டில் ஈயச் சன்னங்களைக் கொட்டி, பிசகானதைப் பொறுக்கச் சொன்னார். பொறுக்கினேன். அன்றைக்குப் பொறுக்கத் தொடங்கியவள், கடை மூடும்வரை பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அண்ணருக்கு இது பெரிய அந்தரம். நாட்டில் அந்த நிலைமை, தங்கச்சி லண்டனில் துவக்குக் கடையில் என்றால் சனம் என்ன கதைக்கும்? அதனால் எல்லாருக்கும் நான் தையல் மெஷின் கடையில் வேலை என்று சொல்லிவைத்தார். கோயிலில் ஒரு மாமி என்னைப் பிடித்து, "பிள்ளை, என்ர மெஷின் நூலை நூலை அறுக்குது, கொண்டந்து தரட்டே?" என்று கேட்டார். அண்ணர் முழுசினார். நான் கொண்டுவரச் சொல்லி, முதலாளியின் எண்ணெயைக் கொண்டே திருத்தியும் கொடுத்தேன்.

முதலாளி அதிகம் பேசமாட்டார். ஈயம் உருக்குகிற அறையில் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, கை கழுவாமல் கதவுப் பிடியைக்கூடத் தொடக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். அதை நீங்களும் கைவிடாதீர்கள். அடுத்ததாக அவர் சொன்னதுதான் இன்றைய விஷயம். ஈயத்தைத் திட்டாதே, இடைவெளியைப் பார் என்பார். சன்னம் குழலின் அளவுக்குச் சரியாக இறுகிப் போனால், வெண்ணெய் மாதிரி மென்மையான ஈயமும் துப்புரவாக வெளியே போய்விடும். பின்னால் இருந்து தள்ளுகிற நெருப்புக்கு அது வழி விடாது. ஒரு மயிரிழை சிறிதாக இருந்தால் போதும், நெருப்பு பக்கத்தால் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழல் முழுக்கப் பூசிவிடும். அதற்குமேல் சன்னத்தில் தடவ நல்ல மெழுகு, அளவான வேகம். இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கிளப்பில் பியர் குடித்துக்கொண்டு கதைக்கிற கதை.

இதைச் சரியாகச் சொல்லித் தந்த மனிதரே பிறகு என் மேசையைத் தூக்கப் பார்த்தார். அதற்குக் காரணம் பக்கத்து ஊரான சட்டனில் இருந்து வந்த ஒருவர்.

அவர் பெயர் மரியநாயகம். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். எழுபதுகளிலேயே படிக்க வந்து, படிப்பை விட்டு, டீசல் எஞ்சினுக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் நுண்ணிய அரைப்பு வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதில் சுடும் பழக்கம் வந்தது. ஒரு சனிக்கிழமை ரிவோல்வர் பெட்டியோடு கடைக்கு வந்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெட்டை நிற்பதைக் கண்டதும் ஆங்கிலம் அவருக்கு நாக்கில் நின்றுவிட்டது.

"நீங்கள்... தமிழோ?"

"ஓம். ஏன், தமிழ் ஆக்கள் நிண்டால் துவக்கு வெடிக்காதோ?"

எனக்கு அந்தக் காலத்தில் வாய் அப்படித்தான். அவர் சிரித்துவிட்டுக் குழலைக் காட்டினார். ஈயம் அப்பிக் கிடந்தது. கிளப் மூலமாக எங்கள் கடையில் வாங்கிய மென் ஈயச் சன்னம்தான் என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இருந்து சுரண்டித் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்து, மெழுகைக் கொஞ்சம் மாற்றி வேறு சன்னம் கொடுத்தேன்.

அடுத்த முறையும் ஈயம். அதற்கடுத்த முறையும் ஈயம். பிறகு சனிக்கிழமை என்றால் மரியநாயகம் என்று ஆயிற்று.

துடைப்பதற்கு நேரம் எடுக்கும். அவர் அந்த நேரம் முழுக்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். முதலில் துவக்கைப் பற்றிக் கதைத்தோம். பிறகு மழையைப் பற்றி. பிறகு மன்னாரில் அவர் தாயார் கருவாடு காய விடுகிற விதம், எங்கள் ஊரில் பனம்பழக் கூழைக் காயவைத்துப் பனாட்டுப் போடுகிற விதம், சட்டனில் எந்தக் கடையில் நல்ல மீன். இந்தச் சுடுகிற பழக்கம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"கோயிலிலையும் சுடுற ரேஞ்சிலையும்தான் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. ஏன் படிப்பை விட்டனீ, ஏன் இன்னும் கட்டேல்லை, ஊருக்கு எவ்வளவு அனுப்புறாய்... ஒரு கேள்வியும் இல்லை. காதை மூடிக்கொண்டு நிண்டிட்டு வரலாம்" என்றார்.

"இஞ்சை நான் கேள்வி கேக்கிறனே?"

"நீங்கள் கேட்டால் பரவாயில்லை."

அதைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகியது. குழலுக்குள் துணியைத் தேவைக்கு மேலே தள்ளித் தள்ளி இழுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கடைக்கு எப்போதாவது வரும் தமிழ் ஆக்களை நான் வாய் நிறைய அண்ணை, ஐயா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வழக்கம் அது. கூப்பிடாவிட்டால்தான் குற்றம். ஆனால் இவரை ஒருநாளும் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சை பாருங்கோ" என்பேன். "வந்திட்டியளோ" என்பேன். அந்தச் சொல் வரும் இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கதைப்பேன். அவரும் அப்படியே, தங்கச்சி என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எனக்கு அப்போது முப்பது கடந்திருந்தது. கனடாவில் இருந்து வந்த இரண்டு சம்பந்தம் சாதகம் பொருந்தாமல் போயிருந்தன. அந்த வெற்றிடம் எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் யார் முதலில் வாய் திறப்பது? அவர் யாரையாவது விட்டு அண்ணரிடம் கேட்பிப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதக்காரருக்குச் சைவ வீட்டில் பெண் கேட்டு ஆள் அனுப்பினால் செருப்பால் அடி விழும், முதலில் என் மனம் தெரியவேண்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நல்லாய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

பிள்ளைகளே, ஈயப் புகையும் மெழுகு வாசமும் மூட்டமான வெளிச்சமுமாக இருந்த அந்தக் கடையில் அந்தச் சனிக்கிழமைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிகிறது. இப்போதும் சனிக்கிழமை காலை கண் விழித்தால், இன்றைக்கு எதற்கோ ஆயத்தப்பட வேண்டும் என்று உடம்பு ஒரு கணம் பரபரக்கும்.

முதலாளிக்கு ஆனால் கண் இருந்தது. அவர் கண்டது என் சந்தோஷத்தை அல்ல, திரும்பத் திரும்ப வரும் முறைப்பாட்டை. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். சட்டன்காரருடைய குழல் அடுத்த மாத முடிவுக்குள் சுத்தமாகாவிட்டால் கடையில் ஈயம் வார்ப்பதை நிறுத்திவிடுவாராம். வடக்கே ஒரு தொழிற்சாலை கடின ஈயச் சன்னங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பத் தயாராம். ஒருவர் கிளப்பில் போய் இந்தக் கடைச் சன்னம் குழலைக் கெடுக்கிறது என்று சொன்னால் மிச்சப் பேரும் ஓடிவிடுவார்களாம். என்னை வேறு வேலைக்கு வைத்திருக்க அவரிடம் வசதி இல்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வேலை போனால் அண்ணர் வீட்டில் சமைத்துக்கொண்டு அடுத்த சாதகத்துக்குக் காத்திருப்பதுதான். அதைவிட, இந்த மேசை போனால் சனிக்கிழமையும் போய்விடும். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். மெழுகை மாற்றினேன். தேன்மெழுகு கூட்டினேன், குறைத்தேன். ஈயத்தின் சூட்டை மாற்றினேன். வார்க்கும் அச்சை மாற்றினேன். ரிவோல்வரின் ஒவ்வொரு துவாரத்தையும் அளந்தேன். துவக்கில் ஒரு குறையும் இல்லை. நான் கொடுக்கும் சன்னத்திலும் இல்லை. பிறகு எங்கே இருந்து வருகிறது இந்த ஈயம்?

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் கொடுக்கிற சன்னத்தை நான் அளந்தேன். அவர் சுடுகிற சன்னத்தை நான் காணவே இல்லை. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே அல்லவா தோட்டாவில் ஏற்றுகிறார்?

"வரேக்கை நீங்கள் நிரப்பின தோட்டா ஒண்டு கொண்டாங்கோ" என்றேன்.

"ஓம், ஓம், கொண்டாறன்."

அடுத்த கிழமை, "ஐயோ, மறந்துபோனன்."

அதற்கடுத்த கிழமை, "எல்லாத்தையும் சுட்டு முடிச்சுப்போட்டன்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழலைத் தவிர வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

கெடு வைத்த மாதத்தின் கடைசிச் சனி. கடை நிறையச் சனம். வேட்டைப் பருவம் தொடங்குகிற நேரம், முன்னால் ஆறேழு பேர் வரிசையில். முதலாளி கவுண்டரில் நின்றபடி என் பக்கம் ஒரு கண். மரியநாயகம் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். குழலைப் பார்த்தேன், ஈயம். எனக்கு அழுகை வந்தது. பெட்டியின் மூலையில், பஞ்சுக்குக் கீழே, சுடாத தோட்டா ஒன்று உருண்டு கிடந்தது. அவர் கை நீட்டுவதற்கு முன்னமே நான் எடுத்துவிட்டேன்.

தோட்டாவைக் கழற்றிச் சன்னத்தை எடுத்து மைக்ரோமீட்டருக்குள் வைத்தேன். சிறிது! சரியாக நெருப்பு பக்கத்தால் பாய்கிற அளவுக்குச் சிறிது. நான் கொடுத்த சன்னத்தை இந்த மனிதர் வீட்டில் அளவு குறைக்கிற இன்னொரு அச்சுக்குள்ளால் தள்ளி இறுக்கி, இளைக்க வைத்திருக்கிறார். என் மெழுகில் பிழை இல்லை, என் ஈயத்தில் பிழை இல்லை. இவ்வளவு காலமும் என் வேலையே போகிற அளவுக்கு நான் மண்டையை உடைத்தது இந்த அச்சுக்காக!

மூக்குக்கு மேல் வந்தது கோபம். முழுக் கடைக்கும் கேட்கத் தமிழில் கத்தினேன்.

"என்ன அண்ணை இது? உங்களுக்கு அளக்கத் தெரியாதோ? ஆர் உங்களுக்கு இந்த அச்சைத் தந்தது? என்ர ஈயத்தைப் பழி சொல்லிக்கொண்டு திரியிறியள், என்ர வேலை போகப் போகுது அண்ணை, தெரியுமோ உங்களுக்கு?"

அவர் முகம் அப்படியே நின்றது. என் வேலை போகப்போகிற விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. அது ஒன்று. ஆனால் அவர் முகத்தில் இருந்து இரத்தத்தை இறக்கியது அது மட்டும் அல்ல என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. நான் மேசை லாச்சியைத் திறந்து சரியான அளவு அச்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். இதற்குள்ளால் போட்டு எடுங்கோ, இனி வாழ்நாளில் ஈயம் பிடிக்காது என்று பொரிந்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப்பைக் கைலேஞ்சியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

"சரி தங்கச்சி. இனிப் பிழை வராது" என்றார்.

கதவு மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த ஆள் வந்து தன் துவக்கை என் முன்னால் வைத்தார். நான் வேலையைப் பார்த்தேன். தங்கச்சி என்ற சொல் மட்டும் முதுகில் போட்ட ஐஸ் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

கடை பூட்டும்போது முதலாளி கை கழுவிக்கொண்டு கேட்டார், என்ன கண்டுபிடித்தாய் என்று. சொன்னேன். அவர் சவர்க்காரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்த மனிதர் எஞ்சின் பாகங்களை மயிரிழையில் பத்தில் ஒரு பங்குக்கு அரைத்துச் சம்பளம் எடுக்கிறவர், அவருக்கா ஒரு ஈயக் குண்டை அளக்கத் தெரியாது என்றார். துவாயை மடித்துத் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த உருக்கும் அறையில், கையைக்கூடக் கழுவாமல், அப்படியே இருந்துவிட்டேன். மறந்துபோன தோட்டாக்கள், சனிக்கிழமைகள், கருவாட்டுக் கதைகள் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் அடித்தன. முதல் தரம் உண்மையான பிழையாக இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னைப் பார்க்க வருவதற்கு வேறு சாட்டுத் தெரியாமல் தன் நல்ல ரிவோல்வருக்கு ஒவ்வொரு கிழமையும் ஈயம் பிடிக்கப் பண்ணியிருக்கிறார். நான் அவரை ஊர் கூட்டி அண்ணை என்றேன். எங்கள் ஆட்களுக்குள் ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்தக் கதவு இல்லை, போ என்று அர்த்தம். அவர் மரியாதையான மனிதர். தங்கச்சி என்று சொல்லிக் கதவைத் தன் பக்கத்தாலும் சாத்திவிட்டுப் போனார்.

ஆகவே இளையவர்களே, ஒரே பிழையோடு ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால் சாமானைக் கொஞ்சம் வைத்துவிட்டு வந்த ஆளைப் பாருங்கள். நெருக்கடியில் சரியான விடை கிடைத்தவுடன் நமக்கு வாய் முந்தும். விடை எங்கும் ஓடாது, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாலும் அதே விடைதான்.

அவர் பிறகு வரவில்லை. ஆனால் என் மேசை தப்பியது, அவருக்குச் சன்னமும் போய்க்கொண்டிருந்தது. கிளப் செயலாளர் எல்லோருக்கும் சேர்த்து என்னிடம் வாங்குவார், அதில் ஒரு சிறு தகரம் மரியநாயகத்துக்கு. அது மட்டும் மற்றவர்களுடையதைவிட ஒரு பொட்டு வித்தியாசமான அளவு. அதை நான் இயந்திரத்தில் போடமாட்டேன். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி, துடைத்து, அடுக்குவேன். தகரம் காலியாகித் திரும்பி வந்தால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு மாதம் வரவில்லை. நான் சாப்பிடவில்லை. செயலாளரிடம் பட்டும் படாமலும் கேட்டேன், சளிக் காய்ச்சல் என்றார். அன்றைக்கு வீட்டில் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

ஒரு துண்டு எழுதித் தகரத்துக்குள் போட்டிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். உங்களுக்கு இலேசு. நீங்கள் ஃபோனில் இதயம் அனுப்புகிற ஆட்கள். அண்ணை என்று சொன்னவள் எப்படி அதைத் திருப்பி எடுப்பது? அதற்கு எங்களிடம் வழக்கம் இல்லை. பெண்ணாய்ப் பிறந்தவள் தானாகப் போய்க் கேட்டாள் என்று ஆகிவிடும் என்ற வெட்கம் வேறு. வருஷங்கள் போயின. அண்ணரும் சாதகக் கட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்குச் சட்டன்காரரைக் காண ஆசை ஆசையாக இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

பிறகு சட்டம் வந்தது. ஒரு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளைக் கைத்துவக்கால் சுட்டான் ஒருவன். அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை, இன்றும் இல்லை. கைத்துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் பொலிஸில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதி, ஒரு கோடை. கடை வெறிச்சோடியது. வார்க்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மரியநாயகத்தின் தகரமும் இனி வராது.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஒருவரும் இல்லாத நேரம், அவர் வந்தார். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"திங்கக்கிழமை பொலிசில குடுக்கப் போறன். குடுக்க முதல் ஒருக்கால் பாத்துத் தாங்கோ."

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? அவங்கள் உருக்கத்தானே போறாங்கள்."

"பரவாயில்லை, பாருங்கோ."

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈயம் இல்லை. சுருள் வரிகள் அப்படியே புதிதாக மினுங்கின. சொன்னேன்.

"பிறகெப்பிடிப் பிடிக்கும்? நீங்கள் வார்த்ததெல்லோ" என்றார்.

பெட்டியை மூடினார். கொளுக்கியைப் போட்டார். இந்த மனிதர் இப்போது கதவால் போனால் இனி வருவதற்கு ஒரு சாட்டும் இந்த நாட்டில் இல்லை என்று எனக்கு விளங்கியது. குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இல்லை.

"வீட்டில ஆக்கள் சுகமோ?" என்று கேட்டேன்.

"ஆர் இருக்கினம் சுகமாய் இருக்க? அம்மா போனவருசம் காலமாகிட்டா."

"ஏன், நீங்கள் கட்டேல்லையோ?"

"கேட்டவை. நான் ஓம் எண்டு சொல்லேல்லை."

அதற்குமேல் என்னால் தாங்க ஏலவில்லை. "இஞ்சை பாருங்கோ, நான் அண்டைக்கு உங்களை அண்ணை எண்டு சொன்னது வேலைக் கோவத்தில. அது மனசில இருந்து வந்த சொல் இல்லை. நான் அதைத் திருப்பி எடுக்கிறன். இவ்வளவு நாளும் எடுக்காமல் விட்டனான், இப்ப எடுக்கிறன்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அவர் பெட்டியின் மூடியை விரலால் துடைத்தார்.

"இனி நான் என்னத்தைக் கொண்டு வாறது?" என்று கேட்டார். அது ஒரு கேள்வியா, மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திராது.

"ஒண்டும் கொண்டு வராதேங்கோ. வெறுங்கையோட வாங்கோ" என்றேன்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமை நான் என்ன சமைத்தேன், யாரோடு கதைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அண்ணி மட்டும் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாய் என்று பேசினது நினைவு இருக்கிறது.

சனிக்கிழமை மழை. முதலாளி முன்னால் எதையோ துடைத்துக்கொண்டு நின்றார். நான் கழுவ ஒன்றும் இல்லாத மேசையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மரியநாயகம் தோள் நனைந்து வந்து நின்றார். பெட்டி இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார், பிறகும் விட்டார்.

முதலாளி தலை நிமிராமல், வருகிற எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, என்ன பிழை என்று கேட்டார்.

மரியநாயகம் என்னைப் பார்த்துக்கொண்டு, முதலாளிக்கு விளங்காத தமிழில் பதில் சொன்னார்.

"ஒரு பிழையும் இல்லை. சும்மா வந்தனான்."